கேட்டால் சொல்கிறேன்: ரொட்டி கொடுத்து ஓட்டை மறித்தவர்

போன இதழில் ஒரு வாசகி கேட்டிருந்தார்: மதுக்கடையை மூடச் சொல்லிப் பெண்கள் உட்கார்ந்த இடத்துக்கு எதிரிலேயே, "மூடாதே" என்று இன்னொரு பெண்கள் கூட்டம் வந்து உட்கார்ந்துவிட்டது, இப்படியெல்லாம் நடக்குமா என்று. "நடக்கும். அமெரிக்க அரசியல் சட்டத்தில் பெண்களுக்கான சம உரிமைத் திருத்தத்தைத் தடுத்து நிறுத்தியதே ஃபிலிஸ் ஷ்லாஃப்லி என்ற ஒரு பெண்மணிதான். 1982ல் நான் அவர் வாழ்ந்த இலினாய் மாநிலத்தில்தான் இருந்தேன்" என்று இரண்டு வரியில் முடித்துவிட்டேன். போதாது என்று கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. எனவே இந்த முறை முழுக்க அதுதான். பென்ஷன் கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: அது என்ன திருத்தம், டீச்சர்? அதில் அப்படி என்ன இருந்தது? (வாசகி, தேனி)

ஆங்கிலத்தில் மொத்தமே 24 வார்த்தை. ஆண், பெண் என்ற காரணத்துக்காக, சட்டத்தில் உள்ள சம உரிமையை மத்திய அரசோ எந்த மாநில அரசோ மறுக்கக் கூடாது, குறைக்கவும் கூடாது. விஷயம் அவ்வளவுதான். பெண்களின் ஓட்டுரிமைக்காக ஜெயிலுக்குப் போன ஆலிஸ் பால் இதன் முதல் வடிவத்தை 1923லேயே எழுதிவிட்டார். நாடாளுமன்றத்தைத் தாண்ட 49 வருஷம் ஆனது. 1971 அக்டோபரில் பிரதிநிதிகள் சபையில் ஆதரவு 354, எதிர்ப்பு 24. 1972 மார்ச் 22ல் செனட்டில் 84க்கு 8. அன்றைக்கே ஹவாய் மாநிலம் ஒப்புதல் கொடுத்துவிட்டது. 1973 முடிவதற்குள் 30 மாநிலங்கள் கொடுத்தாகிவிட்டது. மொத்தம் 50 மாநிலங்களில் 38 ஒப்புக்கொண்டால்தான் திருத்தம் செல்லும். இன்னும் எட்டுதானே, கல்யாணச் சாப்பாட்டுக்கு இலை போட்டாகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அதற்கப்புறம் 1974ல் மூன்று, 1975ல் ஒன்று, 1977 ஜனவரியில் ஒன்று. 35ல் நின்றது. அதோடு, கொடுத்த ஒப்புதலையே திரும்பப் பெறுகிறோம் என்று நெப்ராஸ்கா, டென்னசி, ஐடஹோ போன்ற மாநிலங்கள் தீர்மானம் போட ஆரம்பித்தன. நடுவில் புகுந்தவர்தான் நீங்கள் எல்லோரும் கேட்கிற ஃபிலிஸ் ஷ்லாஃப்லி.

கேள்வி: பெண்ணின் இடம் வீடு என்று பேசியவராமே. வீட்டைவிட்டு வெளியே வராத அம்மாவா? (வாசகர், கும்பகோணம்)

நல்லாக் கேட்டீர்கள் போங்கள். 1924 ஆகஸ்ட் 15ல் பிறந்தவர். (அந்தத் தேதிக்கு நம் ஊரில் அர்த்தம் வர இன்னும் 23 வருஷம் இருந்தது.) இரண்டாம் உலகப் போர் சமயம், பகலில் கல்லூரி, ராத்திரியில் செயின்ட் லூயிஸ் தோட்டாத் தொழிற்சாலையில் வேலை. என்ன வேலை தெரியுமா? செய்த தோட்டாக்களைத் துப்பாக்கியில் போட்டுச் சுட்டுப் பார்ப்பது! பிறகு முதுகலைப் படிப்பு. வக்கீல் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு இலினாய் மாநிலத்தில் ஆல்டன் என்ற ஊரில் குடித்தனம், ஆறு பிள்ளைகள். 1952லும் 1970லும் நாடாளுமன்றத்துக்கு நின்று தோற்றார். 1970 தேர்தலில் எதிராளி, பெண்ணின் இடம் வீடுதான் என்று குத்திக்காட்ட, இவர் என்ன சொன்னார்? "பெண்ணின் இடம் ஹவுஸ்தான் என்கிறார் என் கணவர், ஆனால் அது வாஷிங்டனில் இருக்கிற ஹவுஸ்" என்றார். அங்கே பிரதிநிதிகள் சபையைச் சுருக்கமாக ஹவுஸ் என்பார்கள். இரண்டே வருஷத்தில் அந்த எதிராளியின் வாதத்தையே இவர் கையில் எடுத்துக்கொண்டார் என்பதுதான் வேடிக்கை.

உண்மையில் அவருக்குப் பிடித்த விஷயம் ஏவுகணையும் சோவியத் யூனியனும். 1971 கடைசியில் இந்தத் திருத்தத்தைப் பற்றி விவாதிக்க யாரோ கூப்பிட்டபோது, ராணுவத்தைப் பற்றியே பேசுகிறேனே என்றவர்தான். அப்புறம் சரக்கைப் படித்துப் பார்த்தார். 1972 பிப்ரவரியில் தன்னுடைய மாதச் செய்தி மடலில் எதிர்த்து எழுதினார். அந்த வருஷமே 'ஸ்டாப் ஈ.ஆர்.ஏ.' என்ற இயக்கம் தொடங்கிவிட்டது. (ஈ.ஆர்.ஏ. என்பது சம உரிமைத் திருத்தத்தின் ஆங்கிலச் சுருக்கம்.) சாலையில் வைக்கிற எண்கோணச் சிவப்புப் பலகைதான் சின்னம். 'ஸ்டாப்' என்பதன் நான்கு எழுத்துக்கும் ஒரு விரிவு வைத்திருந்தார்கள்: 'எங்கள் சலுகைகளைப் பறிப்பதை நிறுத்து.' உரிமை தருகிறோம் என்று வந்தவர்களைப் பார்த்து, பறிக்க வந்தவர்கள் என்று சொன்னாரே, அந்த ஒரு திருப்பத்திலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. பிரசாரம் நடக்கும்போதே சட்டக் கல்லூரியில் சேர்ந்து 1978ல் பட்டமும் வாங்கினார். இத்தனைக்கும் அரசியல் தனக்குப் பொழுதுபோக்கு என்றுதான் சொல்லிக்கொள்வார்.

கேள்வி: மேடையில் கணவருக்கு நன்றி சொல்லியே எதிரிகளை வெறுப்பேற்றுவாராமே? என் மகள் எங்கேயோ படித்தேன் என்கிறாள். (வாசகி, கோவில்பட்டி)

சரியாகத்தான் படித்திருக்கிறாள். "இங்கே வர என்னை அனுமதித்த என் கணவர் ஃப்ரெடுக்கு நன்றி" என்று தொடங்குவார். அடுத்த மூச்சிலேயே, பெண் விடுதலைக்காரர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும், அதனால்தான் சொல்கிறேன் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுவார். கூட்டம் சிரிக்கும். எதிர்த்தரப்பு பல்லைக் கடிக்கும். பல்லைக் கடித்த முகம் மறுநாள் பேப்பரில் வரும்.

நான் நேரில் பேச்சைக் கேட்டதில்லை, டி.வி.யில்தான் பார்த்திருக்கிறேன். கொண்டை கலையாது, குரல் உயராது, சிரிப்பு மாறாது. எதிரில் இருப்பவர் என்ன கத்தினாலும் அந்தச் சிரிப்பு அப்படியே இருக்கும். நம் வீட்டில் சில மூத்த ஓரகத்திகள் இருப்பார்கள் பாருங்கள், "நான் ஒன்றும் சொல்லலியேம்மா" என்று சொல்லியே நம்மைக் கத்த வைத்துவிடுவார்கள், அந்த வகை. கத்தினது நாம், கெட்ட பெயரும் நமக்கு.

1973ல் இலினாய் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவருக்கும் பெட்டி ஃப்ரீடனுக்கும் விவாதம். ஃப்ரீடன் சாதாரண ஆள் இல்லை, அந்தத் தலைமுறைப் பெண் விடுதலை இயக்கத்துக்கே தாய் மாதிரி. அவருக்குப் பொறுக்கவில்லை. "உன்னைக் கம்பத்தில் கட்டி எரிக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டார். ஷ்லாஃப்லி அசையவே இல்லை. நீங்கள் அப்படிச் சொன்னதில் எனக்குச் சந்தோஷம், உங்கள் தரப்பின் நிதானம் என்ன என்று எல்லோருக்கும் தெரிந்ததே என்றார். அந்த இடத்தில் ஃப்ரீடன் தோற்றார் என்றுதான் சொல்வேன். என் மனசு ஃப்ரீடன் பக்கம்தான், அதனால் இதை எழுதும்போது இப்போதும் கை கொஞ்சம் நோகிறது.

1977ல் நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் அவர் முகத்தில் ஆப்பிள் பை ஒன்றை எறிந்தான் ஒருவன். கண்ணில் பட்டு வலித்தது. லாபம் யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதே வருஷம் நவம்பரில் ஹூஸ்டனில் தேசிய மகளிர் மாநாடு. 50 லட்சம் டாலர் அரசாங்கப் பணம். இரண்டாயிரம் பிரதிநிதிகள். முன்னாள், இந்நாள் ஜனாதிபதிகளின் மனைவியர் மூன்று பேர் ஒரே மேடையில். பெண்ணுரிமைக் கூட்டம் முதன்முதலில் நடந்த செனகா ஃபால்ஸ் ஊரிலிருந்து பெண்கள் தீபம் ஏந்தி ஓடியே வந்தார்கள். ஷ்லாஃப்லி என்ன செய்தார்? அதே ஹூஸ்டனில், அதே நாளில், ஊரின் இன்னொரு கோடியில் போட்டிக் கூட்டம். தேவாலயப் பஸ்களில் சுமார் 15,000 பேர், பிள்ளை குட்டிகளோடு வந்து இறங்கினார்கள். அந்த மாநாட்டுக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது, நாங்கள் எங்கள் காசில் வந்தோம் என்றார்கள். மாநாட்டைப் பற்றி எழுத வந்த பத்திரிகைகள் எல்லாம் இந்தக் கூட்டத்தையும் சேர்த்து எழுத வேண்டியதாயிற்று. நாடு முழுக்கப் பெண்கள் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்று காட்டத்தான் மாநாடு நடத்தினார்கள். இரண்டு குரல் இருக்கிறது என்று காட்டிவிட்டால் இவருக்குப் போதும், ஜெயிக்கக்கூட வேண்டாம்.

கேள்வி: பெரும்பான்மை ஆதரவு இருந்தும் ஏன் தோற்றார்கள்? கணக்கு புரியவில்லை. (வாசகர், நாமக்கல்)

கணக்கே தடுப்பவருக்குச் சாதகமாகப் போட்ட கணக்கு. 50ல் 38 வேண்டும் என்றால், 13 மாநிலத்தைப் பிடித்து வைத்தால் போதும். ஏறக்குறைய எல்லா மாநிலத்திலும் இரண்டு சபை. ஏதாவது ஒரு சபையில் மறித்தால் போதும். ஆதரிப்பவர் எல்லா வாசலையும் திறக்க வேண்டும், எதிர்ப்பவர் ஒரு வாசலில் படுத்துக்கொண்டால் சரி. அதிலும் இலினாயில் பாதிக்கு மேல் போதாது, ஐந்தில் மூன்று பங்கு வேண்டும் என்று விதி. கீழ்ச்சபையில் 177 பேரில் 107 ஓட்டு. 1980ல் 102 கிடைத்தது, 1982ல் 103. இரண்டு தடவையும் தெளிவான பெரும்பான்மை, இரண்டு தடவையும் தோல்வி.

நம் ஊரில் அரசியல் சட்டத்தைத் திருத்த, மாநிலங்களைக் கேட்க வேண்டிய விஷயங்களில்கூடப் பாதி மாநிலம் ஒப்புக்கொண்டால் போதும். அங்கே நான்கில் மூன்று. அந்த நாட்டுக் கணக்கை ஷ்லாஃப்லி விரல் நுனியில் வைத்திருந்தார். எதிர்த்தரப்பு 1978 ஜூலையில் வாஷிங்டனில் ஒரு லட்சம் பேரை வெள்ளை உடையில் ஊர்வலம் விட்டது. பார்க்க அப்படி ஒரு அழகு. அதனால் மாநிலங்கள் ஒப்புதல் கொடுக்க வேண்டிய கெடு 1979லிருந்து 1982 ஜூன் 30க்கு நீண்டது, அது உண்மை. ஆனால் மறித்துக்கொண்டிருந்த எம்.எல்.ஏ. உட்கார்ந்திருந்தது இலினாய், ஃப்ளோரிடா, வட கரோலினா மாநிலத் தலைநகரங்களான ஸ்பிரிங்ஃபீல்டில், டால்லஹாசியில், ராலேயில்.

கேள்வி: நீங்கள் அங்கே என்ன பார்த்தீர்கள்? அதை எழுதுங்கள் முதலில்! (வாசகி, காரைக்குடி)

என் கணவர் இலினாய் மாநிலத்தில் அர்பானா என்ற ஊரில் ஆராய்ச்சி மாணவர். நான் 24 வயதில், ஒரு சூட்கேசும் ஒரு பிரஷர் குக்கருமாகப் போய் இறங்கியவள். வேலை பார்க்க விசா இடம் கொடுக்காது. எம்.ஏ. அரசியல் படித்துவிட்டு ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ் வீட்டில் வீட்டுக்கார அம்மா, சட்டையில் சிவப்பு வில்லை. பக்கத்துப் போர்ஷனில் ஒரு நர்ஸ், அவள் சட்டையில் பச்சை வில்லை. சிவப்பு என்றால் திருத்தம் வேண்டாம், பச்சை என்றால் வேண்டும். இரண்டு பேரும் தபால் பெட்டி அருகே சந்தித்தால் வெயிலைப் பற்றி மட்டும் பேசுவார்கள்.

வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபதை நெருங்கும் வயது. ரொட்டி சுடுவதில் கெட்டி. 'ஸ்டாப்' ஆட்கள் எம்.எல்.ஏ.க்களுக்கு ஓட்டு நாளில் வீட்டில் சுட்ட ரொட்டியும் ஜாமும் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். 'சம்பாதிப்பவர்களுக்கு, ரொட்டி சுடுபவர்களிடமிருந்து' என்று சீட்டுக் கட்டி. அவர்கள் மொழியில் அதில் ஒரு எதுகை உண்டு. பச்சை வில்லைக்காரர்களுக்கு அந்த ரொட்டியைப் பார்த்தாலே வயிறு எரியும், எரிய வேண்டும் என்றுதான் சுட்டார்கள். ஆனால் நான் அந்த அடுப்படியில் நின்று மாவு பிசைந்து கொடுத்தவள், அந்த அம்மாள் அதைத் தந்திரமாகச் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். விருந்தாளி வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது என்றுதான் நினைத்தார். தந்திரம், எந்த ஊரில் எத்தனை பேர் சுட வேண்டும் என்று ஆல்டனில் உட்கார்ந்து போன் போட்ட ஷ்லாஃப்லியுடையது.

1982 ஜூன் மாதம் நர்ஸ் தன் காரில் என்னை ஸ்பிரிங்ஃபீல்டுக்குக் கூட்டிப்போனாள். சட்டசபைக் கட்டடத்தின் நடு மண்டபத்தில், மேலே அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் கோபுரம். அதன் அடியில் வெள்ளை உடையில் உண்ணாவிரதப் பெண்கள், சிலர் சக்கர நாற்காலியில். ஏழு பேர். 37 நாள் இருந்தார்கள். உண்ணாவிரதம் நம் ஊர்ச் சரக்கு அல்லவா, எனக்கு உடனே கை கூப்பத் தோன்றியது. சுற்றி இருந்தவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. இது என்ன மிரட்டல் என்ற முகம்தான் பாதிப் பேருக்கு. நம் ஊரில் ஒருவர் பட்டினி கிடந்தால் ஆட்சியில் இருப்பவர் அரை மனதோடாவது ஒரு டம்ளர் ஜூஸை நீட்டுவார். அங்கே அந்தப் பழக்கமே இல்லை. வேறு சில பெண்கள் செனட் வாசலில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். அந்த மாதமே, எதிரிகள் என்று தாங்கள் கருதிய அரசியல்வாதிகளின் பெயரைச் சிலர் தரையில் பன்றி ரத்தத்தால் எழுதினார்கள். அந்தப் பக்கம் ரொட்டி, இந்தப் பக்கம் பன்றி ரத்தம். டி.வி.யில் பார்த்த வீட்டுக்கார அம்மா ஒன்றும் பேசவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

ஆற்றாமைதான், எனக்குப் புரிகிறது. பத்து வருஷம் கெஞ்சி, பெரும்பான்மையும் வைத்துக்கொண்டு, நாலு ஓட்டில் தோற்றால் யாருக்கும் ரத்தம் கொதிக்கும். ஆனாலும் ஷ்லாஃப்லி பத்து வருஷமாக எதற்குத் தூண்டில் போட்டாரோ, அது அன்றைக்குத்தான் முழுசாக மாட்டியது.

கேள்வி: அவர் சொன்னதெல்லாம் பொய்தானே? (வாசகி, வேலூர்)

எல்லாமே பொய் என்று சொல்ல முடிந்தால் எனக்கும் சுலபம். பெண்களையும் கட்டாய ராணுவத்துக்கு இழுப்பார்கள் என்றார். வியட்நாம் போர் ஓயாத நேரம். திருத்தம் வந்தால் சட்டப்படி அது சாத்தியம் என்பதை ஆதரித்தவர்களில் பலரே ஒப்புக்கொண்டார்கள். ஆணும் பெண்ணும் ஒரே கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றது வெறும் பூச்சாண்டி. கணவன் மனைவியைக் காப்பாற்ற வேண்டும் என்ற கடமை போய்விடும் என்றார். அந்தக் கடமை ஏட்டில் இருந்ததே தவிர, சேர்ந்து வாழும் தம்பதிக்குள் எந்தக் கோர்ட்டும் அதைத் தலையிட்டு வாங்கிக் கொடுக்கவில்லை.

ஆனால் கேட்டவர்கள் யார் என்று பாருங்கள். 1970கள்தான் அங்கே, யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலே விவாகரத்து வாங்கலாம் என்ற சட்டம் மாநிலம் மாநிலமாகப் பரவிய காலம். எங்கள் வீட்டுக்கார அம்மாவின் தங்கையை, 26 வருஷக் குடித்தனத்துக்கு அப்புறம் கணவர் விட்டுவிட்டுப் போய்விட்டார். ஐம்பது வயதில் அவர் டைப்பிங் கற்றுக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் போய், "நீ ஆணுக்குச் சமம், இனி யாரையும் சார்ந்திருக்க வேண்டாம்" என்று சொன்னால் அது எப்படிக் காதில் விழும்? பச்சை வில்லைக்காரர்கள் சொன்னது சரி. ஆனால் அந்தத் தங்கையின் டைப்ரைட்டரைப் பற்றி அவர்களில் ஒருவர்கூட அந்த வீட்டில் வந்து பேசவில்லை. ஷ்லாஃப்லியின் செய்தி மடல் மாதா மாதம் தபாலில் வந்தது.

கேள்வி: நமக்கு ஏன் இந்தச் சண்டை வரவில்லை? (வாசகர், புதுக்கோட்டை)

1950லேயே அரசியல் சட்டத்தின் 15வது பிரிவில் மதம், இனம், சாதி, பிறந்த இடம் ஆகியவற்றோடு பாலினத்தையும் சேர்த்து எழுதிவிட்டார்கள், பாகுபாடு கூடாது என்று. அதே பிரிவின் மூன்றாவது உட்பிரிவில், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி ஏற்பாடு செய்யத் தடையில்லை என்றும் எழுதினார்கள். சமமும் உண்டு, சலுகையும் உண்டு. அமெரிக்காவில் இரண்டில் ஒன்றுதான் என்று பத்து வருஷம் அடித்துக்கொண்டார்கள். ஏட்டில் எழுதியது வீட்டுக்கு வந்ததா என்று கேட்காதீர்கள், அதற்குத் தனி இதழ் வேண்டும்.

கேள்வி: இப்போது அந்தத் திருத்தம்? (வாசகி, திருச்சி)

இழுபறிதான். கெடு முடிந்த 1982 ஜூன் 30 அன்று வாஷிங்டனில் ஒரு ஹோட்டலில் ஷ்லாஃப்லி விருந்து வைத்தார். 2016 செப்டம்பரில் 92 வயதில் காலமானார். அடுத்த வருஷமே நெவாடா ஒப்புதல் கொடுத்தது. 2018ல் இலினாய், ஆமாம், அதே இலினாய். 2020ல் வர்ஜீனியா, 38வது. கெடு தாண்டி வந்த ஒப்புதல் செல்லுமா, திரும்பப் பெற்றவர்கள் கணக்கில் உண்டா என்று வழக்கு நடந்தது. 2025 ஜனவரியில் ஜனாதிபதி பைடன் பதவிக்காலம் முடியும் சமயம், என் கருத்துப்படி அது சட்டமாகிவிட்டது என்று அறிவித்தார். அதிகாரபூர்வமாக வெளியிட வேண்டிய ஆவணக் காப்பாளர் வெளியிடவில்லை.

கேள்வி: நீங்கள் எந்த வில்லை குத்திக்கொண்டீர்கள்? மறைக்காமல் சொல்லுங்கள் டீச்சர். (வாசகி, காரைக்குடி, இரண்டாவது கடிதம்)

விட மாட்டீர்கள் போல. பச்சை. நர்ஸ் கொடுத்தாள். விசாவுக்கு ஏதாவது வம்பு வரப்போகிறது என்று என் கணவர் பயந்ததால் சட்டையில் குத்தவில்லை, குளிருக்குப் போடுகிற கோட்டின் உள்பக்கம் குத்தியிருந்தேன். ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து திரும்பிய அன்று வெக்கையாக இருக்கிறதே என்று கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட, வீட்டுக்கார அம்மா பார்த்துவிட்டார். ஜூன் மாதத்தில் எதற்குக் கோட்டு என்று மட்டும் கேட்டார். மறு வருஷம் நாங்கள் ஊருக்குக் கிளம்பும்போது, வழியில் சாப்பிட என்று ஒரு முழு ரொட்டி சுட்டு, துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். பம்பாய் வந்து பிரித்தபோது ஒரு பக்கம் நொறுங்கியிருந்தது. மதுரை ரயிலில் சாப்பிட்டு முடித்தோம்.